வெளியே மழை, திரையில் வெயில்: விமான சிமுலேட்டருக்கு மேகம் எங்கிருந்து வருகிறது?

ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் விமான சிமுலேட்டர் (கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) ஓட்டுபவர்கள் மத்தியில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். சாயங்காலம் நாலரை மணிக்கு ஒயிட்ஃபீல்டில் இடியும் மழையும் வெளுத்து வாங்குகிறது. கம்ப்யூட்டரில், அந்த நேரத்து நிஜ வானிலையைக் காட்ட வேண்டிய ‘லைவ் வெதர்’ வசதியைப் போட்டுக்கொண்டு கெம்பேகவுடா விமான நிலையத்திலிருந்து கோயம்புத்தூருக்குக் கிளம்பினால், திரையில் அங்கங்கே நாலு வெள்ளை மேகம், மீதியெல்லாம் நீலம். மறுநாள் நேர்மாறாக நடக்கிறது. மாடியில் துணி காய்கிறது, திரையில் ஓசூர் பக்கம் கருமேகம் திரண்டு நிற்கிறது. ‘லைவ்’ என்று பெயர் வைத்துவிட்டு எதையோ காட்டுகிறார்கள் என்று சிலர் கோபப்படுகிறார்கள். சர்வர் கோளாறு என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பெரும்பாலான நாட்களில் இரண்டுமே காரணம் கிடையாது. எவ்வளவு மேகம், எந்த உயரத்தில் என்பது வானிலை மாடலின் கணக்கிலிருந்து வருகிறது. அது எந்த உருவத்தில், சரியாக எந்தப் பேட்டைக்கு மேலே என்பதைச் சிமுலேட்டரே இட்டு நிரப்புகிறது. கணக்கு எங்கே முடிகிறது, இட்டு நிரப்புவது எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால், அந்தத் திரை வானத்தில் எதை நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும்.

## முதலில், மாடல் என்றால் என்ன

காற்று மண்டலம் முழுவதையும் கற்பனைப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம், காற்றின் வேகம், திசை என்று எண்களைக் கொடுத்து, இயற்பியல் சமன்பாடுகளின்படி அந்த எண்களைச் சில நிமிடங்கள் சில நிமிடங்களாக முன்னே நகர்த்துவதுதான் வானிலை மாடல். தொடக்க எண்கள் செயற்கைக்கோள், வானிலை பலூன், பறக்கும் விமானங்கள், தரை நிலையங்கள், கப்பல்கள் ஆகியவற்றிலிருந்து வருகின்றன.

அமெரிக்க அரசின் ஜி.எஃப்.எஸ். மாடலில் ஒரு பெட்டியின் அகலம் சுமார் 13 கி.மீ., மேல்நோக்கி 127 அடுக்குகள். ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையத்தின் மாடலில் சுமார் 9 கி.மீ., 137 அடுக்குகள். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கி, 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த பாரத் முன்கணிப்பு அமைப்பு 6 கி.மீ. வரை இறங்கியிருக்கிறது.

சிமுலேட்டர்களில் எக்ஸ்-பிளேன் 12 ஜி.எஃப்.எஸ். தரவை எடுத்துக்கொள்கிறது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் (2020-இல் ஒரு பதிப்பு, 2024 நவம்பரில் அடுத்தது) சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் இயங்கும் மீட்டியோப்ளூ நிறுவனத்தின் தரவைப் பயன்படுத்துகிறது. மூலம் வேறு என்றாலும், அடிப்படை வேலை இரண்டிலும் ஒன்றுதான்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்துவிடலாம். செயற்கைக்கோள் படத்தை எடுத்து வானத்தில் ஒட்டுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இன்சாட் செயற்கைக்கோள்கள் அரை மணிக்கொரு முறை மேகப் படம் அனுப்புகின்றன என்பது உண்மைதான். ஆனால் மேலிருந்து எடுத்த படத்தில் தெரிவது மேகத்தின் உச்சி மட்டும். அடித்தளம் எத்தனை அடியில், உள்ளே எவ்வளவு தண்ணீர், அதற்குக் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறதா என்பதெல்லாம் படத்தில் நேராகத் தெரியாது. விமானமோ அந்த மேகத்துக்குள் புகுந்து, கீழே வெளிவர வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் தரவு வேண்டுமென்றால் மாடலிடம்தான் போக வேண்டும்.

## பெங்களூரு முழுவதற்கும் ஒரே எண்

ஜி.எஃப்.எஸ். முடிவுகள் பொதுவில் கிடைக்கும் வழக்கமான கோப்புகளில் மிக நுணுக்கமானது 0.25 டிகிரி இடைவெளி கொண்டது. பெங்களூரு இருக்கும் 13 டிகிரி அட்சரேகையில் அது வடக்கு–தெற்காகச் சுமார் 28 கி.மீ., கிழக்கு–மேற்காகச் சுமார் 27 கி.மீ. அதாவது ஒரு கட்டம் சுமார் 750 சதுர கி.மீ. பழைய பெங்களூரு மாநகராட்சியின் மொத்தப் பரப்பே 700 சதுர கி.மீ.க்குக் கொஞ்சம் மேல்தான். கட்டத்தின் கோடுகள் நகர எல்லையோடு பொருந்தி விழாது. ஆனாலும் யெலஹங்காவிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை மொத்த ஊருக்கும் ஒன்றிரண்டு எண்கள்தான் கிடைக்கும் என்பது புரிந்தால் போதும்.

பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் மொத்தத்துக்கும் ஒரே தண்ணீர் மீட்டர் வைத்திருப்பார்கள். இன்றைக்கு இத்தனை ஆயிரம் லிட்டர் செலவானது என்று அது சரியாகச் சொல்லும், எந்த வீட்டுக் குழாய் திறந்திருந்தது என்று சொல்லாது. மாடலின் கட்டமும் அப்படித்தான்.

இதன் விளைவைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பஞ்சுப்பொதி போன்ற சாதாரணத் திரள் மேகத்தில் ஒரு கன மீட்டருக்கு அரை கிராம் அளவுக்கு நீர்த்துளிகள் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கி.மீ. நீள, அகல, உயரமுள்ள மேகம் என்றால் மொத்தம் 500 டன் தண்ணீர். இப்போது மாடல், “இந்தக் கட்டத்தில் 10 சதவீதம் மேகம்” என்கிறது. 750 சதுர கி.மீ.யில் 75 சதுர கி.மீ. பரப்பில் மேகம் இருக்க வேண்டும். தண்ணீரைக் கட்டம் முழுக்கச் சராசரியாகப் பரப்பினால் கன மீட்டருக்கு 0.05 கிராம் வருகிறது.

இந்தச் சராசரியை அப்படியே வரைந்தால் என்ன ஆகும்? மேகத் துளிகளின் ஆரம் சுமார் 10 மைக்ரான் என்று கொண்டால், கன மீட்டருக்கு 0.05 கிராம் உள்ள காற்றில் ஏறக்குறைய 500 மீட்டர் தூரம்தான் கண்ணுக்குத் தெரியும். அதாவது ஊர் முழுக்க, மேக உயரத்தில், ஒரே சீரான பனிமூட்டம். நிஜத்தில் இருந்ததோ பத்தில் ஒன்பது பங்கு தெளிந்த நீல வானம், மீதி ஒரு பங்கில் 50 மீட்டர்கூடத் தெரியாத அடர்ந்த மேகங்கள். தண்ணீரின் மொத்த அளவு இரண்டிலும் ஒன்றே. வானம் மட்டும் முற்றிலும் வேறு.

அதனால் மாடலின் எண்ணை அப்படியே வரைய முடியாது. அந்த 75 சதுர கி.மீ.யை யாரோ துண்டு துண்டாக வெட்டி, கட்டத்துக்குள் எங்கெங்கோ வைக்க வேண்டும். 75 சின்ன மேகங்களாகவா, மூன்று பெரிய மேகங்களாகவா? ஒயிட்ஃபீல்டிலா, ராஜாஜி நகரிலா? இதற்கு மாடலிடம் பதில் இல்லை. சிமுலேட்டர்தான் முடிவெடுக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெட்டி 13 கி.மீ. என்றால் மாடல் 13 கி.மீ. அளவுள்ளவற்றை நன்றாகப் பார்க்கும் என்று அர்த்தம் இல்லை. ஒரு வடிவத்தை ஒழுங்காகப் பிடிக்க ஆறு, ஏழு பெட்டிகளாவது வேண்டும். அப்படியானால் ஜி.எஃப்.எஸ். நம்பிக்கையோடு காட்டக்கூடியது 80, 90 கி.மீ.க்கு மேற்பட்ட அமைப்புகளைத்தான். வங்காள விரிகுடாவில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அதில் நன்றாகத் தெரியும். மே மாதத்து மாம்பழ மழையைக் கொண்டுவரும் ஒற்றை இடிமேகம், அகலத்தில் பத்துப் பதினைந்து கி.மீ.கூட இல்லாதது, அதன் கண்ணில் படவே படாது.

## பார்க்க முடியாததை மாடல் எப்படிக் கணக்கில் சேர்க்கிறது

கண்ணில் படாவிட்டாலும் அந்த இடிமேகத்தின் வேலையை மாடல் விட்டுவிட முடியாது. தரையின் வெப்பத்தையும் ஈரத்தையும் மேலே தூக்கிப் போவது அதுதான். அதனால் பெட்டியின் சராசரி நிலையை வைத்து, உள்ளே இப்படியிப்படி நடந்திருக்கும் என்று சில விதிகளால் மதிப்பிடுகிறார்கள். பாராமெட்டரைசேஷன் என்பது இதன் பெயர்.

எளிதான உதாரணம் ஈரப்பதம். ஒரு பெட்டியின் சராசரி ஈரப்பதம் 85 சதவீதம் என்றால், எங்கேயும் 100 எட்டவில்லை, ஆகவே மேகமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெட்டிக்குள் ஒரு மூலை 100-ஐத் தொட்டிருக்கும், இன்னொரு மூலை 70-இல் கிடக்கும். ஆகவே சராசரி ஒரு வரம்பைத் தாண்டியதும், இத்தனை சதவீதம் மேகம் என்று கணக்கில் சேர்க்கத் தொடங்குகிறார்கள். வரம்பு எவ்வளவு, எப்படி ஏறுகிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஒரே நாளில் இரண்டு சிமுலேட்டர்கள் இரண்டு வானம் காட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

திரள் மேகம் இதைவிடக் கஷ்டம். மேலே ஏறும் மேகம் பக்கத்திலுள்ள உலர்ந்த காற்றை எவ்வளவு உள்ளே இழுக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது எவ்வளவு உயரம் போகும் என்பது அமையும். இதைப் புரிந்துகொள்ள நடந்த அழகான சோதனைகளில் ஒன்று நம் ஊரிலேயே, ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆய்வு மையத்தில் நடந்தது. பேராசிரியர் ரொத்தம் நரசிம்ஹாவின் குழுவினர் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு தாரையை மேலே எழவிட்டு, நடுவழியில் அதை மின்சாரத்தால் சூடாக்கினார்கள். நீராவி குளிர்ந்து துளியாகும்போது வெளிப்படும் வெப்பத்துக்குப் பதிலாக இந்த மின்வெப்பம். அந்தத் தாரை நிஜத் திரள் மேகங்களைப் போலவே பல வடிவங்களை எடுத்தது. 2011-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதெமியின் ஆய்விதழில் அந்த முடிவுகள் வந்தன. ஜக்கூர் விமானத் தளத்தில் சின்ன விமானங்கள் ஏறி இறங்குகிற அதே பகுதியில், ஒரு தொட்டிக்குள் மேகம் வளர்த்திருக்கிறார்கள். பெங்களூரில் சிமுலேட்டர் பிடித்தவர்கள் ஒவ்வொருவரும் தெரிந்து பெருமைப்பட வேண்டிய விஷயம் இது.

சரி, இத்தனை கணக்குக்குப் பிறகு மாடலிலிருந்து சிமுலேட்டருக்குப் பயன்படக்கூடியவை இவை:

1. ஒவ்வொரு அடுக்கிலும் மேகம் எத்தனை சதவீதம்.
2. ஒவ்வொரு கிலோ காற்றிலும் எத்தனை கிராம் நீர்த்துளி, எத்தனை கிராம் பனிப்படிகம். நீர்த்துளி மேகத்துக்கு விளிம்பு கூர்மையாகத் தெரியும், பனிப்படிக மேகம் நார் நாராக மங்கும்.
3. வெப்பநிலை, ஈரப்பதம், காற்று. மேகம் எந்தப் பக்கம் சாயும், இறக்கையில் பனி படியுமா என்பது இதிலிருந்து வரும்.
4. காற்று மேலெழத் தயாராக எவ்வளவு ஆற்றல் தேங்கியிருக்கிறது என்ற எண். வானிலைக்காரர்கள் ‘கேப்’ என்பது இதைத்தான். இது அதிகமாக இருந்தால் கார்திரள் மேகம், அதாவது இடிமேகம், வளரலாம்.
5. மழை அளவு.

‘கேப்’ பற்றி ஒரு வார்த்தை. அது வாய்ப்பைச் சொல்லும் எண், நடந்ததைச் சொல்லும் எண் கிடையாது. ஏப்ரல் மத்தியானத்தில் தென் கர்நாடகம் முழுக்க அது அதிகமாக இருக்கலாம், இடி மட்டும் ஐந்தாறு இடங்களில்தான் விழும். ஆற்றல் தேங்கிய இடமெல்லாம் ஒரு சிமுலேட்டர் இடிமேகத்தை நட்டுவைத்தால், ஓசூருக்கு மேலே இல்லாத கருமேகம் அப்படித்தான் முளைக்கும்.

## எண் எப்படி உருவமாகிறது

ஒரு காலத்தில் சிமுலேட்டர் மேகம் என்றால் தட்டையான படங்கள். விமானம் எங்கே போனாலும் அந்தப் படம் நம்மைப் பார்த்தே திரும்பிக்கொள்ளும். தூரத்தில் அழகு, உள்ளே புகுந்தால் காகிதம். இப்போதைய சிமுலேட்டர்களில் மேகம் கன அளவுள்ள பொருள். அதை உருவாக்கும் படிகளை, 2015-இல் ஹாரைசன் ஸீரோ டான் என்ற விளையாட்டுக்காக கெரில்லா கேம்ஸ் நிறுவனத்தார் ஒரு கிராபிக்ஸ் மாநாட்டில் விளக்கமாக வெளியிட்டார்கள். ஒவ்வொரு சிமுலேட்டரும் தன் வழியில் மாற்றிக்கொண்டாலும், எலும்புக்கூடு ஏறத்தாழ இதுதான்:

1. வானிலை வரைபடம். மாடலின் எண்கள் ஒரு படமாகப் பரப்பப்படுகின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு மேகம், என்ன வகை, மழை உண்டா என்ற தகவல்.

2. உயர விதி. வகையைப் பொறுத்து மேகம் எப்படி அமையும் என்ற வார்ப்பு. படை மேகம் தாழ்வாகவும் மெலிதாகவும் பரவும். திரள் மேகத்துக்கு அடி தட்டை, தலை உருண்டை. கார்திரள் மேகம் பத்துப் பதினைந்து கி.மீ. ஏறி மேலே விரியும்.

3. இரைச்சல். உருவம் பிறப்பது இங்கேதான். கென் பெர்லின் 1980-களில் உருவாக்கிய பெர்லின் இரைச்சல் என்பது, தாறுமாறாகவும் அதே சமயம் வழுவழுப்பாகவும் மாறும் எண்களின் தொகுப்பு. 1996-இல் ஸ்டீவன் வோர்லி தந்த இன்னொரு வகை, மொட்டு மொட்டான வடிவம் கொடுக்கும். இரண்டையும் கலந்தால் காலிஃபிளவர் விளிம்புள்ள மேகம் கிடைக்கிறது. வரைபடம் 10 சதவீதம் என்றால், இரைச்சலின் மிக உயர்ந்த 10 சதவீதப் பகுதிகள் மட்டும் மேகமாக நிற்கும், மற்றவை வெட்டப்படும்.

4. ஒளி. திரையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கோட்டை வானத்துக்குள் செலுத்தி, அந்தக் கோட்டில் அடியடியாக நடந்து, இங்கே எவ்வளவு அடர்த்தி, சூரிய ஒளி இதுவரை எவ்வளவு வந்து சேரும் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். சூரியனை நோக்கிப் பார்க்கும்போது மேக விளிம்பு வெள்ளியாக ஜொலிப்பது, ஒளி துளியில் பட்டு முன்னோக்கியே அதிகம் சிதறும் என்ற விதியைச் சேர்த்ததால் வருகிறது.

மூன்றாவது படியில் மாடலின் கை முடிந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். அங்கிருந்து வரும் ஒவ்வொரு மடிப்பும், ஒவ்வொரு இடைவெளியும் தாறுமாறான எண்களின் குழந்தை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மொத்த அளவுக்கு நேர்மையாக இருந்துகொண்டு, தெரியாததை இயற்கையின் சாயலில் நிரப்புவது மிகுந்த திறமை வேண்டிய வேலை. ஆனால் அது நிரப்பல் என்பது பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாலாவது படியின் செலவையும் பார்த்துவிடலாம். 1920-க்கு 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு கோட்டிலும் 64 அடிகள், ஒவ்வொரு அடியிலும் சூரியனை நோக்கி 6 சோதனைகள் என்றால், ஒரே ஒரு படத்துக்கு ஏறக்குறைய 80 கோடி சோதனைகள். வினாடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் 17 மில்லி வினாடிகூட இல்லை, அதற்குள் தரை, கட்டடம், காக்பிட் எல்லாவற்றையும் வரைந்தாக வேண்டும். கெரில்லா குழுவினர் எடுத்த வழி: ஒவ்வொரு படத்திலும் 16-இல் ஒரு பங்குப் புள்ளிகளை மட்டும் புதிதாகக் கணக்கிட்டு, மீதியை முந்தைய படங்களிலிருந்து நகர்த்திக்கொள்வது. விமானத்தை வேகமாகத் திருப்பும்போது மேக விளிம்பு சில சமயம் புள்ளி புள்ளியாக நடுங்கும், இறக்கைக்குப் பின்னால் கறை இழுபடும். பெரும்பாலும் இப்படிப்பட்ட சிக்கனத்தின் தடம்தான் அது, வானிலைத் தரவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

## மெட்டார் வந்து சேரும்போது

விமான நிலையங்கள் தங்கள் தளத்தின் வானிலையை ஒரு வரிச் சங்கேதமாக வெளியிடுகின்றன. அது மெட்டார். கெம்பேகவுடா போன்ற பெரிய நிலையங்களில் அரை மணிக்கு ஒருமுறை வரும். மேக அளவு எட்டில் எத்தனை பங்கு என்று சொல்லப்படும்: ஒன்று, இரண்டு பங்கு ‘ஃபியூ’, மூன்று, நான்கு ‘ஸ்கேட்டர்டு’, ஐந்து முதல் ஏழு ‘புரோக்கன்’, எட்டும் ‘ஓவர்காஸ்ட்’.

மாடல் கணித்தது, மெட்டார் கண்டது. ஆகவே மெட்டாரே மேல் என்று தோன்றும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் 2020-இல் வந்தபோது மாடலை மட்டும் நம்பியிருந்தது. ஆன்லைன் குழுக்களில் மெட்டார் பார்த்து ஏ.டி.சி. (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) வேலை செய்பவர்கள் சொல்லும் அழுத்தமும் காற்றும் ஒன்று, சிமுலேட்டரில் உள்ளது வேறொன்று என்று புகார்கள் குவிந்தன. 2021 இறுதியில் மெட்டாரையும் கலந்தார்கள். உடனே வேறு சிக்கல்கள் தலைதூக்கின.

மெட்டார் ஒரு புள்ளியின் செய்தி. நிலையத்தைச் சுற்றிச் சில கி.மீ.தான் அதன் உலகம். கெம்பேகவுடா நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் பார்த்ததை எவ்வளவு தூரம் வரை பரப்புவது? ஊருக்குள் இருக்கும் பழைய ஹெச்.ஏ.எல். விமான நிலையம் அங்கிருந்து சுமார் 30 கி.மீ., அது வேறு செய்தி தரலாம். இரண்டுக்கும் நடுவில் எதையாவது கலந்துதான் ஆக வேண்டும். அதைவிடப் பெரிய குறை, மெட்டார் மேகத்தின் அடித்தளத்தைச் சொல்லும், உச்சியைச் சொல்லாது. தரையில் நிற்பவருக்கு உச்சி தெரியாது என்பதால் அது நியாயமே. ஆனால் 1500 அடியில் புரோக்கன் என்றால், 2500 அடியில் வெளிவந்து வெயிலைப் பார்ப்போமா, 12,000 அடி வரை வெள்ளைக்குள்ளேயே போவோமா? உச்சிக்கு மறுபடியும் மாடலிடம்தான் போக வேண்டும், மாடலோ அந்த அடுக்கே இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

பெங்களூருக்காரர்கள் அடிக்கடி தடுமாறும் ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மெட்டாரில் உள்ள மேக உயரம் விமான நிலையத் தரையிலிருந்து அளந்தது. நம் நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3000 அடி உயரத்தில் இருக்கிறது. 1500 அடி மேகம் என்றால் கடல் மட்டத்திலிருந்து உயரம் காட்டும் உங்கள் ஆல்டிமீட்டரில் அது 4500 அடி. சென்னையில் பழகியவர்களுக்கு, நிலையம் ஏறக்குறைய கடல் மட்டம் என்பதால், இந்த வித்தியாசமே தெரிந்திருக்காது.

## ‘இப்போது’ என்பது எப்போது

ஜி.எஃப்.எஸ். நாளொன்றுக்கு நாலு முறை ஓடுகிறது. நம் நேரப்படி காலை 5.30, முற்பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30 நிலவரங்களிலிருந்து. ஒவ்வொரு ஓட்டமும் முடிந்து கோப்புகள் வெளிவர நாலு மணி நேரம்போல ஆகும். 11.30 மணி ஓட்டம் கையில் கிடைக்க மாலை மூன்றரை ஆகிவிடும். அதற்கு முன் இரண்டு மணிக்குப் பறப்பவர் பார்ப்பது, காலை ஐந்தரை மணி நிலவரத்தை வைத்துப் போட்ட எட்டரை மணி நேர முன்கணிப்பு. வெயில் ஏறித் தரை சூடாவதற்கு முன்பே எழுதப்பட்ட வானம் அது. ஒரு தனி இடிமேகத்தின் ஆயுளோ முக்கால் மணி, ஒரு மணி நேரம்தான்.

அப்புறம், மாடல் முடிவுகள் ஒரு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று என்ற இடைவெளியில் வருகின்றன. நடுவில் உள்ள நேரத்தைச் சிமுலேட்டர் நிரப்ப வேண்டும். முதல் படத்தையும் அடுத்த படத்தையும் எளிதாகக் கலந்தால், தர்மபுரியில் இருந்த மழைப்பட்டை சேலத்துக்கு நகர்ந்து போகாது. தர்மபுரியில் மெல்லக் கரையும், சேலத்தில் மெல்ல முளைக்கும். கண்ணெதிரே மேகம் காற்றில் நகராமல் அப்படியே கரைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் பெரும்பாலும் இதுதான்.

## இரண்டு தரைகள்

சிமுலேட்டரின் தரை மிக நுணுக்கமானது. நந்தி மலையின் பாறைச் சரிவு, ஏற்காட்டின் வளைவுகள் எல்லாம் தெரியும். ஆனால் வானிலை மாடலுக்குள் இருக்கும் தரை வேறு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரே சராசரி உயரம். சுமார் 4850 அடி உயரமுள்ள நந்தி மலை அங்கே சுற்றியுள்ள பீடபூமியோடு கலந்து காணாமல் போய்விடுகிறது. குளிர்காலக் காலையில் மலையடிவாரத்தில் தேங்கும் மேகக் கடலைப் பார்க்க ஊரே வண்டி எடுத்துக்கொண்டு போகிறது. சிமுலேட்டரில் மலை இருக்கும், அந்தக் கடல் பெரும்பாலும் இருக்காது.

கோயம்புத்தூர் வழியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பாலக்காட்டுக் கணவாயின் அகலம் 30 கி.மீ. சொச்சம். தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே நெருக்கிக்கொண்டு வந்து கோவைச் சமவெளியில் வீசுவதும், நீலகிரியின் கேரளப் பக்கம் மேகம் அடைத்து நிற்க, இந்தப் பக்கம் வெறிச்சென்று இருப்பதும் அந்தக் கணவாயும் மலைகளும் செய்யும் வேலை. 0.25 டிகிரிக் கோப்பில் கணவாய்க்கு ஒரு கட்டம் கிடைத்தால் அதிகம்.

நம் விமான நிலையத்தின் குளிர்கால மூடுபனிக்கும் இதே கதிதான். தரையை ஒட்டிய சில பத்து மீட்டர் காற்று இரவில் எவ்வளவு குளிர்கிறது, மண்ணில் எவ்வளவு ஈரம் என்பதைப் பொறுத்தது அது. உலக மாடல் அதைத் தவறவிடும். மெட்டார் கலக்கும் சிமுலேட்டரில் மட்டும் மூடுபனி ஓரளவு சரியாக வரும்.

## ஆக, எதை நம்பலாம்

பரந்த படை மேகம், பருவமழைக் காலத்து மூட்டம், புயலின் பெரிய சுருள், மேல்காற்றின் வேகம், பனி படியும் உயரம் ஆகியவற்றை ஓரளவு நம்பலாம். நூறு கி.மீ. அளவில் நடப்பவை இவை, மாடல் நன்றாகச் செய்வதும் இவற்றைத்தான். ஆகஸ்ட் காலையில் பெங்களூரைப் போர்த்தியிருக்கும் தாழ்ந்த மேகம் திரையிலும் பெரும்பாலும் இருக்கும். தனித் திரள் மேகம், இடிமேகம், மலைமேகம் ஆகியவற்றின் இடத்தையும் நேரத்தையும் நம்பக் கூடாது.

இதை வலியுறுத்திச் சொல்ல இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, விமான விபத்தோ பெரும் குலுக்கலோ செய்தியில் வந்ததும், “அன்றைய நிஜ வானிலையில் மறுபடி பறந்து பார்த்தோம்” என்று சிமுலேட்டர் வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கும். 2025 மே 21 அன்று டெல்லி–ஸ்ரீநகர் இண்டிகோ விமானம் ஆலங்கட்டி மழையில் மாட்டி மூக்குப் பகுதி சிதைந்தது. அப்படி ஒரு சம்பவத்தை முடிவு செய்தது சில கி.மீ. அகலமுள்ள ஒரு தனி இடிமேகம். சிமுலேட்டர் வீடியோவில் அந்த இடத்தில் தெரியும் மேகம் இரைச்சல் எண்களால் ஆனது. பைலட் இடது பக்கம் திரும்பியிருக்கலாமே என்று அதைக் காட்டி வாதிடுவது, நடக்காத ஒன்றைச் சாட்சியாக நிறுத்துவது. உயிரைக் கையில் பிடித்து விமானத்தை இறக்கியவர்களுக்கு அது பெரிய அநியாயம்.

இரண்டாவது, பைலட் பயிற்சி. விமான நிறுவனங்கள் பயன்படுத்தும், பல கோடி ரூபாய் மதிப்புள்ள முழு இயக்கச் சிமுலேட்டர்களில் லைவ் வெதர் முக்கியமே இல்லை. பயிற்றுநர் பின்னால் உட்கார்ந்து அடித்தளம் 200 அடி, ரன்வே தெரியும் தூரம் இவ்வளவு, எதிர்க்காற்று இவ்வளவு என்று தானே வைப்பார். ஒவ்வொரு பைலட்டுக்கும் ஒரே சோதனை, ஒரே அளவில், மறுபடி மறுபடி வேண்டும். திடீர்க் காற்று மாற்றத்துக்கான பயிற்சியில் அளந்து பதிவான காற்று வடிவங்களையே ஓட்டுகிறார்கள். 1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லஸில் டெல்டா 191 விமானம் இடிமேகத்தின் கீழ்நோக்கிய காற்றில் விழுந்த பிறகு அந்தப் பயிற்சி தீவிரமானது. வீட்டுச் சிமுலேட்டரின் மேகம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதைச் சுற்றிப் போகப் பழகியது ரேடாரில் இடிமேகத்தைப் படிக்கப் பழகியதாக ஆகாது. பைலட் ஆக ஆசைப்படும் பிள்ளைகள் இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

## இனி எவ்வளவு மாறும்

பெட்டியைச் சின்னதாக்கினால் போதாதா என்று கேட்கலாம். 6 கி.மீ. மாடலில் ஒரு பெட்டி 36 சதுர கி.மீ., 0.25 டிகிரிக் கட்டம் ஒன்று இருந்த இடத்தில் இருபது பெட்டிகள் வரும். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ஒரு தனித் திரள் மேகத்தைப் பிடிக்க 100 மீட்டர்ப் பெட்டி வேண்டும். 13 கி.மீ.யிலிருந்து 100 மீட்டருக்கு இறங்கினால் நீளத்தில் 130 மடங்கு, அகலத்தில் 130 மடங்கு, பெட்டி சுருங்கச் சுருங்கக் கால அடியும் சுருங்க வேண்டும் என்பதால் அதிலும் 130 மடங்கு. பெருக்கினால் சுமார் 22 லட்சம் மடங்கு கணிப்பு வேலை. உலகம் முழுவதற்கும் தினமும் நாலு முறை அதைச் செய்யும் இயந்திரம் எங்கும் இல்லை.

செயற்கை நுண்ணறிவு மாடல்கள் வந்துவிட்டனவே என்றால், ஐரோப்பிய மையம் 2025 பிப்ரவரியில் தன்னுடையதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வேகமும் துல்லியமும் அதிகம். ஆனால் அதன் கட்டமும் சுமார் 28 கி.மீ.தான், இத்தகைய மாடல்கள் சின்ன விவரங்களை வழுவழுப்பாக்கிவிடும் இயல்பும் உள்ளவை. மேகத்தின் இடத்தைப் பொறுத்தவரை அதனால் இப்போதைக்குப் பெரிய லாபம் இல்லை.

இடிமேகம் எங்கே நிற்கிறது என்று நிஜமாகச் சொல்லக்கூடியது டாப்ளர் ரேடார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு கி.மீ.க்கும் குறைவான துல்லியத்தில் மழையின் இடத்தைக் காட்டும். வானிலை வரைபடத்தை மாடலிலிருந்து எடுத்தாலும், மழை உள்ள கட்டங்களில் இரைச்சலை ரேடார் காட்டும் இடத்தில் நிற்க வைக்கலாம். கிராபிக்ஸ் முறையில் இதற்குத் தடை எதுவும் இல்லை. தடை தரவில் இருக்கிறது. கடலுக்கு மேல் ரேடார் இல்லை, ஒவ்வொரு நாடும் தன் ரேடார் தரவைத் தன் விதிப்படி வைத்திருக்கிறது, உலகம் முழுக்க ஒரே சீராக ஓட வேண்டிய சிமுலேட்டர் நிறுவனம் ஒரு நாட்டுக்கு ஒரு முறை என்று செய்யத் தயங்குகிறது. அது மாறும் வரை, மாலை நாலரைக்குக் கிளம்புபவர்கள் இந்திய வானிலைத் துறையின் ரேடார் படத்தை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் மேகத்தைக் கையாலேயே அமைத்துக்கொள்ளலாம். இரண்டு சிமுலேட்டர்களிலும் அதற்கு வசதி உண்டு.